ஆறாவது குழாய்

தடா பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இறால் தீவனக் கடை.
மாடியில் என் ஆய்வுக்கூடம்:
ஒரு மேசை, ஒரு மின்விசிறி,
ஊதா விளக்கு பொருத்திய பெட்டி ஒன்று,
பாதி தெலுங்கு பாதி தமிழில் ஒரு பதிவேடு.
ஆரம்பாக்கத்தில் ஏழே காலுக்கு ஏறுகிறேன்.
சன்னலோர வெயில் எல்லை தாண்டும்வரை மடியில் கிடக்கிறது.

பெஞ்சலய்யாவின் மூன்றாம் குட்டை
பங்குனியில் பச்சைக் கூழாய்த் திரண்டது.
விடியுமுன் இறால்கள் மேலே வந்து
மீசையை மட்டும் காற்றுக்கு நீட்டின.
கிடைத்த விலைக்கு அள்ளி விற்றார்.
பிறகு, யாரோ சொன்னார்களாம்,
கோணியில் கட்டித் துடுப்புச் சக்கரத்தின் முன்னால்
தொங்கவிட்டார் மயில்துத்தம்.
எவ்வளவு?
"கண்ணளவுதான் மேடம்."
அதற்கு மயிலின் பெயர் வைத்தவன்
அந்த நீலத்தை நாக்கில் தொட்டிருக்க மாட்டான்.

இரண்டே நாளில் பாசி செத்தது.
உடைந்த செல்களிலிருந்து கசிந்த வழுவழுப்பு
(புரதம், சர்க்கரை, எனக்கும் பெயர் தெரியாத சில)
தன்னைக் கொன்ற செம்பையே
இறுகப் பற்றிக்கொண்டது.
பற்றிய செம்பு எந்தச் செவுளுக்குள்ளும் எளிதில் போகாது.
இதற்கு மன்னிப்பு என்று பெயரிடப் பார்த்தேன்.
பதிவேட்டில் அதற்குப் பத்தி இல்லை.

அந்தத் தண்ணீரை வடிகட்டிப்
பன்னிரண்டு குவார்ட்ஸ் குழாய்களில் நிரப்பினேன்.
சாதாரணக் கண்ணாடி வெயிலின் கூரை மழுக்கிவிடும்.
ஆறு குழாய்கள் மொட்டைமாடியில் அம்மணமாக,
ஆறு அலுமினியத் தாளைப் போர்த்திக்கொண்டு,
அதே தரை, அதே சூடு.
பக்கத்து மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்த மஸ்தானம்மா
எட்டிப் பார்த்துக் கேட்டார்:
"தண்ணியப் போயி யாராச்சும் காயப்போடுவாங்களா?"

நாளுக்கு ஒரு ஜோடி திறந்தேன்.
மூன்றாம் நாள் தீவிலிருந்து ராக்கெட் கிளம்பியதில்
குழாய்கள் தாங்கியோடு கிணுகிணுத்தன;
வெயில் அதற்கும் நிற்கவில்லை.
ஊதா விளக்கில் முதலில் நீலமாய் மினுங்கிய தண்ணீர்
நான்காம் நாள், பலமுறை வெளுத்த வேட்டியில்
மிச்சமிருக்கும் சொட்டு நீலம்.
ஐந்தாம் நாள் அதுவும் இல்லை.
நீண்டதை அறுத்து, அறுத்ததை மறுபடி அறுத்து
பிடித்திருந்த விரல்களை
ஒவ்வொன்றாய்க் கழற்றியிருந்தது வெளிச்சம்.
தாள் போர்த்தியதில்
பத்தில் ஏழு பங்கு செம்பு பிடியில்.
வெயில் பட்டதில் மூன்று.

இன்று ஆறாம் நாள்.
பெஞ்சலய்யா படியேறி வந்து போனை நீட்டுகிறார்.
குட்டைக்குள் அவர் கால்,
ஐந்து விரலும் நகத்தோடு தெரிகிறது.
"நீள்ளு கண்ணாடியாட்டம் தெளிஞ்சுபோச்சு.
குஞ்சு லாரி கூடூரைத் தாண்டிடுச்சு."

தெளிந்ததுதான் பயம் என்கிறேன்.
கட்டு அவிழ்ந்த செம்பு நிறமில்லாமல் அலைகிறது என்கிறேன்.
பாசி கலங்கி நின்றபோது
உங்கள் குட்டை இதைவிடப் பத்திரம்
என்று சொல்ல வாய் வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

அவர் சிரிக்கிறார்.
"வெயிலுக்கு நோட்டீஸ் விடலாமா மேடம்?"
மூன்று ஏக்கருக்குத் தாள் போர்த்த முடியாது.
செம்பைப் பிடிக்கும் வெள்ளைப் பொடி ஒன்று உண்டு,
இருபத்தைந்து கிலோ மூட்டை, கீழே கடையில்,
இடது அலமாரி.
மயில்துத்தம் வலது அலமாரி.
இரண்டுக்கும் ஒரே ரசீதுப் புத்தகம்.
"யாரோ சொன்னார்கள்" என்ற அந்த யாரோ
ஒன்றாம் தேதி எனக்குச் சம்பளம் தருகிறவர்.

கடனுக்குக் கிடைக்குமா என்று கேட்க
அவர் கீழே இறங்கிப் போகிறார்.
மின்விசிறியில் பதிவேடு தானாகப் புரள்கிறது.
ஆறாவது குழாய் இன்னும் தாளுக்குள் இருக்கிறது.
பிரித்தால்தான் அளக்கலாம்.
சன்னலைச் சாத்திவிட்டு
லாரிச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி
ஓரத்தை நகத்தால் நெம்புகிறேன்.